முடிவே இல்லாத விளையாட்டில் அவருக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது, அரசாங்க வேலை. இரண்டு வருஷமாக ‘ஈவ் ஒன்லைன்’ என்ற கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறார். விண்வெளியில் கப்பல் ஓட்டுவதாம். வாரத்தில் மூன்று, நாலு நாள் இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் அதில் ‘சண்டை’ வரும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போலந்து, பிலிப்பைன்ஸ் ஆட்களோடு இங்கிலீஷில் கதைப்பார். வேலையிடத்தில் இங்கிலீஷில் வாயே திறக்காத மனுஷன்! இரண்டு மாதமாகச் சேர்த்துக் கட்டிய கப்பல் போன மாதம் ஒரே இரவில் வெடித்துப் போய்விட்டது. அன்றைக்குச் சோறும் தின்னவில்லை. அடுத்த நாளே புதிசு கட்டத் தொடங்கிவிட்டார். அந்த கேமில் கடைசிக் கட்டம், பரிசு என்று ஒன்றுமே இல்லையாம். சீரியல் என்றாலும் ஒருநாள் முடியும். தோற்பதற்காக ஒருவர் நித்திரை முழிப்பாரா? வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்கிறார், குடி இல்லை. ஆனால் காலையில் கண் சிவந்து மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மாமி இதை வருத்தம் என்கிறா. வருத்தமா? அப்படி என்னதான் அதில் இருக்கிறது?
பெயர் வேண்டாம், தம்பிலுவில்.

பதில்: அன்புள்ள சகோதரி,

மாமி சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் ‘கேமிங் கோளாறு’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் இருந்து அந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது. ஒருவருக்கு அது இருப்பதாகச் சொல்ல வேண்டுமென்றால், விளையாட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ அவரால் முடியாமல் இருக்க வேண்டும். வேலை, வீடு, உறவு எல்லாவற்றுக்கும் மேலே அது ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர வேண்டும். இவற்றால் வாழ்க்கை நன்றாகவே குலைந்திருக்க வேண்டும், அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் உண்டு, இல்லை என்று எழுத்தில் கொடுக்க நான் தயாரில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய ஆளுக்கு இந்தச் சட்டை பொருந்துவதாகத் தெரியவில்லை. எனக்குக் கவலை தருவது அந்த மோட்டார் சைக்கிள்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இந்த விஷயமாக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் “எப்படி நிறுத்துவது?” என்றுதான் தொடங்குவார்கள். “அதில் என்ன இருக்கிறது?” என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். (சீரியல் ஒருநாள் முடியும் என்று நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கையையும் பாராட்டுகிறேன்.)

அந்த விளையாட்டை ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் உள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவுக்கு மட்டும் தனி சேர்வர். மற்ற நாட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே உலகத்துக்குள்தான் இருக்கிறார்கள். அந்த உலகத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் உண்டு. சுரங்கம் தோண்டலாம், வியாபாரம் செய்யலாம், கப்பல் கட்டலாம், கொள்ளையடிக்கலாம், எதிரிக் கூட்டத்துக்குள் உளவாளியாகவும் நுழையலாம். இதைச் செய், அதைச் செய் என்று விளையாட்டு ஆளைப் பிடித்துத் தள்ளாது. கப்பல் வெடித்தால் போனதுதான். காப்புறுதி எடுத்திருந்தால் கப்பல் உடலுக்குக் கொஞ்சம் காசு வரும். அதில் பூட்டிய கருவிகளுக்குச் சல்லிக்காசும் வராது. மற்ற விளையாட்டுகளில் செத்தால் இரண்டடி பின்னால் எழுந்து நிற்கலாம். இதில் அந்தச் சலுகை இல்லை.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. அன்றிரவு அவர் சோறு தின்னாமல் இருந்தாரே, அந்தக் கப்பல் உண்மையாகவே போய்விடக்கூடிய பொருள் என்பதால்தான் அதை ஓட்டும்போது அவருக்குக் கை நடுங்குகிறது. தோல்விக்கு விலை இல்லாத இடத்தில் வெற்றிக்கும் ருசி இருக்காது. அவர் தோற்பதற்காக நித்திரை முழிக்கவில்லை. தோற்கக்கூடிய இடத்தில் நிற்பதற்காக முழிக்கிறார். அடுத்த நாளே புதிசு கட்டத் தொடங்கியதை நீங்கள் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது ஆரோக்கியமான அறிகுறியாகத்தான் படுகிறது. இழந்ததை ஏற்றுக்கொண்டு, எங்கே பிழைத்தது என்று பார்த்து, திரும்பக் கை வைத்திருக்கிறார்.

கஷ்டமான வேலையில் மனுஷன் ஏன் தன்னை மறக்கிறான் என்று 1970களிலேயே விலாவாரியாக ஆராய்ந்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர். ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். மலை ஏறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், சத்திரசிகிச்சை நிபுணர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார். வேலை திறமைக்கு மிகவும் கீழே இருந்தால் அலுப்பு. மிகவும் மேலே இருந்தால் பதற்றம். இரண்டும் ஏறத்தாழச் சமமாக நிற்கும் ஒடுங்கிய இடத்தில்தான் நேரம் போவது தெரியாமல் ஆள் அதற்குள் கரைந்து போகிறார். சாதாரண விளையாட்டில் இந்த இடம் சில வாரத்தில் தீர்ந்துவிடும், ஏனென்றால் ஆள் தேறிவிடுவார், விளையாட்டு தேறாது. எதிரே இருப்பது மனுஷர் என்றால் கதை வேறு. நீங்கள் தேறத் தேற அவர்களும் தேறுகிறார்கள். உங்களுக்கு அலுப்பாகத் தெரிகிற அந்த ‘முடிவில்லாமை’தான் அவருக்கு அலுக்காமல் இருப்பதற்குக் காரணம்.

இன்னொன்று, சுதந்திரம். ரிச்சர்ட் ரையன், ஸ்கொட் ரிக்பி, அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்கள் ஏன் வீடியோ கேம்களை விரும்புகிறார்கள் என்று பார்த்தார்கள். சில உணர்வுகள்தான் ரசனையோடு ஒட்டி வந்தன. என்ன செய்வது என்பதை நானே தீர்மானிக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் இவர்களோடு நான் ஒருவன் என்ற உணர்வு. இப்போது உங்கள் கணவரின் பகல் பொழுதை யோசித்துப் பாருங்கள். அவர் என்ன பதவியில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாகச் சொன்னால், நம்முடைய அலுவலகங்களில் கோப்பு மேசைக்கு மேசை நகரும், சுற்றறிக்கை வரும், கையெழுத்துக்குக் காத்திருக்கும். ஒருவர் நன்றாகச் செய்தாலும் சம்பள உயர்வு அதே திகதியில்தான், சுமாராகச் செய்தாலும் அதே திகதியில்தான். இன்றைக்கு நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன், அதனால் இது மாறியது என்று சொல்லக்கூடிய நாட்கள் வருஷத்தில் எத்தனை வரும்? இரவில் அவர் உட்காருகிற இடத்தில் அது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். அலுவலகத்தில் இங்கிலீஷ் பேசாதவர் அங்கே பேசுவதும் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. அங்கே அவருடைய இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று சொன்னால் போதும்.

அவருடைய விளையாட்டில் உண்மையாக நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. பி-ஆர்5ஆர்பி என்று பெயர் கொண்ட ஒரு மண்டலத்தை ஒரு கூட்டணி தன் வசம் வைத்திருந்தது. அதற்குக் கட்ட வேண்டிய ‘வரி’ ஒருமுறை கட்டுப்படாமல் போனது. அவ்வளவுதான் தொடக்கம். 2014 ஜனவரி 27, 28ஆம் திகதிகளில் ஏறத்தாழ 21 மணித்தியாலம் சண்டை நடந்தது. 7,500க்கு மேற்பட்ட ஆட்கள் அதில் வந்து போனார்கள். கூட்டம் தாங்காமல் சேர்வர் அந்த இடத்தின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓட்டியது. ‘டைட்டன்’ எனப்படும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. உண்மைக் காசில் மதிப்பிட்டால் மூன்று இலட்சம் டொலருக்கும் மேல் என்றார்கள். இந்தக் கதையை எந்தக் கம்பனியும் எழுதி வைக்கவில்லை. ஒரு பில் கட்டுப்படாமல் விட்டதால் ஆட்களே உண்டாக்கிய வரலாறு அது. இப்படியொரு உலகத்தில், தான் ஒரு சின்னக் கப்பலோடு நின்றாலும், நாளைக்கு என்ன நடக்கும் என்பதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும்.

‘டோபமின்’ என்ற சொல்லை யாரும் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள் என்பதால் அதையும் தொட்டுவிடுகிறேன். அது மூளையில் ஊறும் இன்பச் சாறு என்று பரவலாக எழுதுகிறார்கள், அது சரியில்லை. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், டோபமினைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் எதிர்பாராமல் கிடைத்த நன்மைக்குத்தான் துள்ளின. வரும் என்று முன்பே தெரிந்துவிட்ட நன்மைக்குப் பேசாமல் இருந்தன. வரும் என்று நினைத்தது வராவிட்டால் அமுங்கிப் போயின. அதாவது நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை கணக்குப் பார்க்கிறது. மனுஷர் எதிர் மனுஷராக ஆடும் இடத்தில் அந்த வித்தியாசத்துக்குப் பஞ்சமே வராது. உங்கள் மகள் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது வேலை செய்வதும் இதே இயந்திரம்தான்.

அந்த விளையாட்டில் உள்ள ஆட்கள் அவருக்கு யார் என்பதைத்தான் வீட்டில் உள்ளவர்கள் அதிகம் குறைத்து மதிப்பிடுகிறார்கள். “முகம் தெரியாத ஆட்கள்” என்பார்கள். 2012 செப்டெம்பரில் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்க அலுவலகம் தாக்கப்பட்டபோது இறந்தவர்களில் ஷோன் ஸ்மித் ஒருவர். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தில் வேலை செய்தவர். ஈவ் ஒன்லைனில் ‘வைல் ராட்’ என்ற பெயரில் தன் கூட்டணிக்காகப் பேச்சுவார்த்தை நடத்தியவரும் அவர்தான். செய்தி தெரிந்ததும், தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்த கூட்டணிகள் உட்பட, பலர் தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். நம்முடைய பக்கத்துக்கும் இது புதிதில்லை. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி பற்றி உங்கள் மாமிக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த கொம்பு இரண்டைக் கொழுவி, வடம் பூட்டி, எது முறிகிறது என்று இழுப்பார்கள். தோற்ற சேரியை வென்ற சேரி பாட்டாலேயே வறுத்தெடுக்கும். பணமுடிப்புக்காக யாரும் இழுக்கவில்லை. சேரிக்காரன் என்று வடத்தில் கை வைத்தார்கள்.

ஆனால் இதே பிணைப்புத்தான் அவரை நடுச்சாமத்தில் எழுப்புகிறது. இதைப் பலர் விளங்கிக்கொள்ளாமல் “ஏன் பகலில் விளையாடக்கூடாது?” என்று கேட்பார்கள். அந்த விளையாட்டில் ஒரு கூட்டத்தின் நிலையத்தை எதிரி தாக்கினால் சண்டை உடனே முடியாது. அடுத்த கட்டம் எத்தனை மணிக்கு என்று நிலையத்தின் சொந்தக்காரக் கூட்டம் முன்கூட்டியே குறித்து வைத்த நேரம் ஒன்று இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஐரோப்பியர் அதிகம் என்றால், அவர்களுக்கு வசதியான மாலை நேரத்தைக் குறிப்பார்கள். போலந்தில் குளிர்காலத்தில் இரவு ஏழரை, கோடையில் எட்டரை ஆகும்போது தம்பிலுவிலில் சரியாக நடுச்சாமம். அவரை முழிக்க வைப்பது அடங்காத ஆசை என்பதை விட, நேர வலயம் என்பதுதான் பொருத்தம். “நான் போகாவிட்டால் அவர்கள் தோற்றுவிடுவார்கள்” என்று அவர் உங்களிடம் எப்போதாவது சொல்லியிருந்தால், அது சாட்டு இல்லை. உண்மையாகவே அப்படி உணர்கிறார்.

அதே நேரம், இந்த இடத்தில் நான் அவருடைய பக்கம் இல்லை. அதே ஆய்வாளர்களில் சிலர் 2009ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். விருப்பத்தோடு விளையாடுவதையும், விளையாடியே ஆக வேண்டும் என்ற நெருக்குதலில் விளையாடுவதையும் பிரித்துப் பார்த்தார்கள். வாழ்க்கையில் மேலே சொன்ன உணர்வுகள் குறைவாகக் கிடைக்கிறவர்களிடம் இரண்டாவது வகை கூடுதலாகத் தெரிந்தது. அப்படி விளையாடி எழும்பும்போது அவர்களுக்குக் களைப்புத் தீரவில்லை, மனம் இறுகித்தான் இருந்தது. உங்கள் கணவர் இதில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். விளையாடி முடித்து எழும்பும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சிரித்துக்கொண்டு வந்து, நீங்கள் கேட்காமலே நடந்ததைச் சொன்னால் ஒரு விதம். மகள் கூப்பிட்டால் எரிந்து விழுந்தால், விளையாடாத நாளில் வீட்டில் நிற்கப் பிடிக்காமல் அலைந்தால், அது வேறு விதம். எத்தனை மணித்தியாலம் என்று எண்ணுவதை விட இது எனக்கு அதிகம் சொல்லும்.

சரி, என்ன செய்யலாம்?

நித்திரை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாரத்தில் நாலு நாள் அரைகுறை நித்திரையோடு காலையில் கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவது எந்த விளையாட்டை விடவும் ஆபத்து. வேலைக்கு நேரத்துக்குப் போகிறார், பிள்ளையைப் பார்க்கிறார் என்பதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் கண் சொருகும் ஒரு நொடிக்கு உதவாது. இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பிந்திப் படுத்த இரவுக்கு அடுத்த நாள் காலை பஸ்ஸில் போவது என்ற ஒரு ஏற்பாட்டோடு இந்த வாரமே தொடங்கலாம்.

கூட்டத்தை மாற்றுவதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அந்த விளையாட்டில் ஆஸ்திரேலியா, கிழக்காசிய நேரத்துக்கு ஆடும் குழுக்களும் இருக்கின்றன. அவர்களுடைய இரவு நமக்குப் பின்னேரம், அல்லது இரவின் தொடக்கம். பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். அப்புறம் அது மகளுக்குச் சோறு ஊட்டும் நேரத்தோடு மோதும், அதையும் யோசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு வருஷம் பழகிய ஆட்களை விட்டுவிட்டு வா என்று கேட்பது சின்ன விஷயமும் இல்லை. முடியாது என்றால், வாரத்தில் இத்தனை சண்டைக்குத்தான் வருவேன் என்று தன் தலைவரிடம் அவரே சொல்லலாம். நல்ல குழு என்றால் ஏற்றுக்கொள்ளும். பிள்ளை குட்டி உள்ளவர்கள் அங்கேயும் நிறைய. ஏற்றுக்கொள்ளாத குழு என்றால் அது எப்படிப்பட்ட குழு என்று அவருக்கே விளங்கும்.

ஒரு மாலை பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, “இதில் உங்களுக்கு எது பிடிக்கும்?” என்று கேளுங்கள். உளவு பார்க்கிற மாதிரி இல்லாமல், உண்மையாகவே அறிய வேண்டும் என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே காரணத்துக்காக விளையாடுவதில்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ல் தொடங்கிய, படம் இல்லாமல் எழுத்து மட்டுமே ஓடும், பலர் சேர்ந்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர் ரிச்சர்ட் பார்ட்டல். ஆட்டக்காரர்களை அவர் 1996ல் நாலு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருகிறவர்கள், தேடிப் பார்க்க வருகிறவர்கள், கதைக்க வருகிறவர்கள், மற்றவரை மடக்க வருகிறவர்கள். வகுப்புப் பிரித்த மாதிரி இருந்தாலும் வீட்டில் பேச்சைத் தொடங்க அது உதவும். உங்கள் கணவர் கப்பல் கட்டுகிறவர் என்கிறீர்கள். எதையாவது கட்டி எழுப்புவதில் சுகம் காண்கிற ஒருவருக்கு ஊரிலும் கட்ட எவ்வளவோ இருக்கிறது. விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு கணக்காளர் கிடைக்காமல் இருக்கலாம், கோயில் திருவிழா வேலைக்கு ஒரு திட்டக்காரர் தேவைப்படலாம். விளையாட்டைப் பறித்துவிட்டு இதைத் திணித்தால் இரண்டும் கெடும். அது இருக்கும்போதே இது சேர வேண்டும்.

காசு பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2016 நவம்பரில் இருந்து அதை இலவசமாகவும் விளையாடலாம், ஆனால் ஏறக்கூடிய கப்பல்கள் மட்டுப்படும். மாதச் சந்தா 2022ல் 20 டொலர் அளவுக்கு ஏறியது. விளையாட்டுக்குள் உழைத்த காசாலேயே சந்தாவைத் தீர்க்கவும் வழி உண்டு. அவர் எந்த வழியில் தீர்க்கிறார் என்று நேராகக் கேட்டால் சொல்லக்கூடியவராகத்தான் உங்கள் கடிதத்தில் தெரிகிறார். இரண்டு மாதம் கழித்தும் நித்திரை சீராகவில்லை என்றாலோ, எரிச்சலும் ஒதுங்கலும் கூடினாலோ, இரண்டு பேருமாகச் சேர்ந்து பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. போக முதல் யாரிடமாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.